தேதி போடாத அட்டை

1

பிறர் மனதை நோகடிப்பது என் தொழில். பயப்பட வேண்டாம், மரியாதையாகத்தான் செய்கிறேன். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்ற ஊரில், வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு கம்பெனியின் வாரண்டி பிரிவில் எனக்கு வேலை. துணி துவைக்கும் மெஷின் சுற்றவில்லை, ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று ஜனங்கள் எழுதுவார்கள். அட்டையைப் பார்த்து, ரசீதைப் பார்த்து, மெக்கானிக் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது, ஆனால்" என்று பதில் எழுதுகிறவள் நான். 'ஆனால்' வரைக்கும் எல்லாம் முன்பே டைப் அடித்து வைத்திருக்கிறது. அதற்குப் பிறகு வருவதுதான் என் சொந்தச் சரக்கு.

போன மார்ச்சில் எனக்கு அங்கே பத்து வருஷம் முடிந்தது. கேக் வெட்டினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். வசந்தா எழுதிய கடிதத்துக்குப் பதில் கடிதம் வருவதே அபூர்வம் என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மீதி கேக்கை டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மகள் தாரா ஒரு காதிலிருந்து மட்டும் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, "பத்து வருஷமா நோ சொன்னதுக்கு கேக்காம்மா?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கிண்டல் பண்ண மட்டும் தமிழுக்கு வருவாள். அதற்காவது உதவுகிறதே என்று இருந்துவிடுவேன்.

என்னை ரொம்பக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நியாயமான கோரிக்கை வந்தால் அன்றைக்கே பாஸ் பண்ணிவிடுவேன். அட்டையில் எழுதியிருக்கிற காலம் முடிந்துபோனாலும், ஒரு சாமான் நியாயமாக உழைக்க வேண்டிய காலம் வரைக்கும் விற்றவன் பொறுப்பு என்று இங்கே சட்டம் இருக்கிறது. தகராறு முற்றினால் வக்கீல் வைக்கக் கூடாத ஒரு சின்னத் தீர்ப்பாயம் உண்டு. ஒரு மேஜை, மூன்று நாற்காலி, ஒரு ஜாடி தண்ணீர், அவ்வளவுதான். கம்பெனி சார்பில் நானே நாலைந்து முறை போய் உட்கார்ந்திருக்கிறேன். நான் மறுப்பது பெரும்பாலும் பொய் சொல்கிறவர்களை. ரசீதில் தேதியைத் திருத்துகிறவர்கள், எதிர் வீட்டுக்காரனின் ரசீதைத் தங்களுடையது என்று அனுப்புகிறவர்கள். இவர்களைப் பிடிப்பதில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. அது எங்கிருந்து வந்தது என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. அது எங்கள் பாவாவிடமிருந்து வந்தது.

2

என் அக்கா சரோஜாவின் வீட்டுக்காரர் முனிரத்தினம். எங்களுக்கு அத்தை மகனும் அவரே. எங்கள் பக்கத்தில் இரண்டு உறவையும் பாவா என்றுதான் கூப்பிடுவோம்; அதனால் அக்கா கல்யாணத்துக்கு முன்னாலும் பாவா, பின்னாலும் பாவா. கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே இரண்டு ஊர் தாண்டினால் அவர் நிலம். வேர்க்கடலை, கொஞ்சம் கத்திரி, ஓரத்தில் அக்காவின் மல்லிச் செடிகள். ஒரு மனு எழுத வேண்டும், ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் தேடி வருவார்கள். எந்த ஃபாரத்திலும் எந்த இடத்தைக் காலியாக விட வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

திருத்தணி கடைத்தெருவில் பாவா எந்தச் சாமான் வாங்கினாலும் ஒரு சடங்கு நடக்கும். கடைக்காரர் வாரண்டி அட்டையில் சீல் அடிப்பார், கையெழுத்துப் போடுவார். தேதி எழுதப் பேனாவைக் கொண்டுபோகும்போது பாவா அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொள்வார்.

"அது மட்டும் உட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்."

கடைக்காரருக்கும் இது புதிதல்ல. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு தத்துவமே வைத்திருந்தவர் பாவாதான். "ஒரு வருசம் வாரண்டி குடுக்கறான், சரி. அந்த ஒரு வருசம் எப்ப ஆரம்பிக்கணும்னு யாரு முடிவு பண்றது? நாமதானே?" என்பார். மிக்ஸி, ஃபேன், டிவி, மருந்து அடிக்கிற மெஷின் எல்லாவற்றின் அட்டைகளும் தேதியில்லாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில், முருகர் படத்துக்குப் பின்னால் இருக்கும். எப்போதோ ஒரு தரம் மூன்று வருஷம் ஓடின மிக்ஸி ஜாருக்குப் புது ஜார் வாங்கிவிட்டார். அந்த வெற்றியை நான் கல்யாணம் ஆகிக் கிளம்புகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் ஃபிரிட்ஜ் வாங்கப் போனேன். பழக்க தோஷம் சும்மா இருக்குமா? கடைப் பையனிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தயவுசெய்து தேதி போடாதீர்கள் என்று சொன்னேன். அவன் முகம் மாறியது. உள்ளே போய் ஒரு பெரிய அம்மாளைக் கூட்டி வந்தான். அந்த அம்மாள் என்னை ஓரமாக அழைத்துப்போய், கணவருக்குத் தெரியாமல் வாங்குகிறீர்களா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கவலையோடு கேட்டாள். என் வீட்டுக்காரர் பத்தடி தூரத்தில் டிவி பார்த்துக்கொண்டு நின்றார். பரிசாகக் கொடுப்பதென்றால் விலை போடாத ரசீது வேண்டுமானால் தருகிறேன், தேதியை எடுக்க முடியாது, அதைக் கம்ப்யூட்டர் போடுகிறது என்றாள். ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது பாவா நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"தேதிய கம்ப்யூட்டரா போட்டுக்குது? அப்பறம் அங்க மனுசங்க எப்படிதான் பொழைக்கறீங்க?"

3

கேக் சாப்பிட்ட அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இங்கே இலையுதிர் காலம் தொடங்கியிருந்தது. நான் வாரத்துக்கான குழம்பு வைத்து டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து மூன்று குரல் செய்திகள் வரிசையாக வந்தன. முதலாவதில் அழுகை. இரண்டாவதில் பாவாவைத் திட்டு. மூன்றாவதில்தான் விஷயம்.

போர்வெல் மோட்டார் எரிந்துபோய்விட்டது. ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில் திருத்தணியில் வாங்கி இறக்கின புது மோட்டார். மாசி மாதத்தில், வேர்க்கடலைச் செடியில் விழுது இறங்குகிற நேரம் பார்த்து நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில் மண்ணில் ஈரம் இல்லையென்றால் விழுது மண்ணுக்குள் போகாது, காய் பிடிக்காது. பக்கத்து நிலத்துக்காரரிடம் கெஞ்சி இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டும் பாதிச் செடி காய்ந்துபோனது. ஒரு வருஷம் வாரண்டி இருந்தும் கம்பெனி தர முடியாது என்று சொல்லிவிட்டது. மறுபடி ஒரு மோட்டார் வாங்க அவர்களுக்கு வழியில்லை. மோட்டார் இல்லையென்றால் அடுத்த பட்டத்துக்கு விதைப்பும் இல்லை.

"ஏழு மாசம்தானேக்கா ஆச்சு? ஒரு வருஷ வாரண்டின்னா கொடுத்துத்தானே ஆகணும்? ஏன் மாட்டேங்கறாங்க?" என்று போன் போட்டுக் கேட்டேன்.

"அத உங்க பாவாவ கேளு. எனுக்கு வாயில நல்லா வருது."

போன் கை மாறியது. பாவா தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணும் இல்லமா. ஆடில வாங்கனதுன்னு சொன்னா, 'ஏழு மாசம் நல்லா ஓட்டி தேச்சிட்டு இப்ப வந்துகீறியா'ன்னு கேப்பான். அதான், வாங்கி ஒரு வாரம்தான் ஆவுதுன்னு அட்டையில தேதி போட்டேன். ஒரு வாரத்துல எரிஞ்சா அவன் வாய தொறக்க முடியாது பாரு."

அவன் வாயைத் திறந்துவிட்டான். கம்பெனி ஆள் வந்து, வெளியே எடுத்து வைத்திருந்த மோட்டாரைப் பார்த்திருக்கிறார். ஏழு மாதம் உப்புத் தண்ணீருக்குள் கிடந்த மோட்டார். மேலெல்லாம் வெள்ளையாகப் படிந்து, போல்ட்டு துருவேறி இருந்தது. "ஒரு வாரத்துல இவ்ளோ உப்பா?" என்று கேட்டு, நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் கடிதம் வந்தது. அட்டையில் பொய்யான தேதி எழுதப்பட்டிருப்பதால் வாரண்டி செல்லாது. உங்கள் ஏமாற்றம் எங்களுக்குப் புரிகிறது.

அந்தக் கடிதத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். வேறு கம்பெனி, வேறு தேசம். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை நான் எழுதியிருக்கக்கூடிய கடிதம். உண்மையான தேதியைப் போட்டிருந்தாலே மோட்டார் கிடைத்திருக்கும் என்பதுதான் இதில் கொடுமை. ஐந்து மாதம் மிச்சம் இருந்த வாரண்டியைப் பாவா தன் கெட்டிக்காரத்தனத்தால் தொலைத்துவிட்டார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

4

பாவா தோற்றுப்போகிற ஆள் இல்லை. திருவள்ளூரில் நுகர்வோர் கோர்ட்டு இருக்கிறது, வக்கீல் இல்லாமல் தானே பேசலாம் என்று விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். திருத்தணியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து மனுவையும் ஏற்றிவிட்டார். மனுவில் உண்மைத் தேதியைத்தான் எழுதினார். அந்த வரைக்கும் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்திருக்கிறாள்.

"நீ அந்த வேலதானே பண்ற. சொல்லு, கெடைக்குமா கெடைக்காதா?" என்று என்னைக் கேட்டார்.

"நானா இருந்தா தர மாட்டேன் பாவா."

நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைப்பதற்குள் அவர் உற்சாகமாகிவிட்டார். "அப்போ சரி. நீதான் கம்பெனி. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நீ கம்பெனி மாதிரி கேளு. நான் பதில் சொல்லிப் பழகிக்கறேன். அங்க போய் உளறக் கூடாது பாரு."

அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் எங்கள் பாவாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். சின்ன வயதில் மரியாதைக்காக அவர் எதிரில் நாற்காலியில் உட்காரக்கூட மாட்டேன். இப்போது காலை ஆட்டிக்கொண்டு, "மனுதாரரே, அட்டையில் தேதி எழுதிய கையெழுத்து யாருடையது?" என்று கேட்டேன்.

"என்துதான்."

"ஏன் தப்பான தேதி எழுதினீர்கள்?"

"கண்ணாடி போடலிங்க. தெரியாம எழுதிட்டேன்."

"கண்ணாடி போடாமல் எழுதியவர் கோட்டுக்குள்ளே அழகாக எழுதியிருக்கிறீர்களே."

"அப்போ இங்கிலீஷ் மாசம் கொழம்பிப் போச்சி. நாங்க தமிழ் மாசம் பாத்துகினு இருக்கறவங்க."

"ஆடிக்கும் மாசிக்கும் குழம்புமா?"

அந்தப் பக்கம் அக்கா வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. "நல்லா கேளுடி, இன்னும் கேளு" என்று எடுத்துக்கொடுத்தாள். முப்பது வருஷமாக அவள் கேட்க நினைத்த கேள்விகளை நான் கேட்கிறேன் போலிருக்கிறது. பாவா மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு புதுக் காரணத்தோடு வந்தார். நானும் ஒவ்வொன்றாக உடைத்தேன். பழகிய கை அல்லவா? எனக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியில் நானே ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். 'தேதி எழுதியதில் என் கவனக்குறைவால் பிழை நேர்ந்துவிட்டது, அதற்காக வருந்துகிறேன்.' பொய் என்றும் சொல்ல முடியாது, உண்மை என்றும் சொல்ல முடியாது. இந்த மாதிரி வாக்கியத்தை நான் தூக்கத்தில்கூட எழுதுவேன். பாவா அதை நாலு தரம் சொல்லிப் பார்த்தார். "நல்லாதான் கீது. டிவி நியூஸ் மாதிரி கீது" என்றார்.

5

பதில் தயார். ஆனால் ஆடியில்தான் வாங்கினார் என்பதற்குச் சாட்சி வேண்டுமே? பில் வாங்கவில்லை. துண்டுச் சீட்டு சட்டையோடு துவைந்துபோய்விட்டது. கடைக்காரரைக் கேட்டால், "தேதி எழுதனது நீங்க, சீலு மட்டும்தான் என்து. என்ன இதுல இழுக்காதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அப்போதுதான் அக்காவுக்கு ஞாபகம் வந்தது. மோட்டார் இறக்கின அன்று பூஜை போட்டு, பாவா வீடியோ எடுக்கச் சொல்லிக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். அவருடைய போன் அதற்குப் பிறகு தொட்டித் தண்ணீருக்குள் விழுந்து செத்துப்போனது. அக்காவின் போனில் இடம் இல்லையென்று எல்லா வீடியோவையும் அழித்துவிட்டாள். "உன்கிட்ட இருக்கும்டி, நீ கட்டை வெரல் போட்டியே" என்றாள்.

ஆமாம், போட்டிருந்தேன். குரூப்பில் பின்னால் போய்த் தேடினேன். ஆடிக் கிருத்திகை வாழ்த்துகள், காவடிப் படங்கள், அதற்கும் கீழே வீடியோ. கீழே என் கட்டை விரல் பெருமையாக நிமிர்ந்து நின்றது. தொட்டேன். மங்கலாக ஒரு சதுரம் மட்டும் வந்து, இந்தப் பதிவு இனி கிடைக்காது, அனுப்பியவரை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது.

அதாவது நான் அதைத் திறக்கவே இல்லை. திறக்காமலே பிரமாதம் என்று விரலை நீட்டியிருக்கிறேன். வேலையில் இருந்திருப்பேன், அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்திருப்பேன். ஒரு மனிதன் தன் நிலத்தில் தண்ணீர் வந்ததைக் காட்ட அனுப்பியதை, ரசீது வாங்கிக்கொள்கிற மாதிரி வாங்கி வைத்திருக்கிறேன். எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலேயே நின்றேன்.

தாரா காபி எடுக்க வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன்.

"பெரியப்பா டான்ஸ் வீடியோவா? என்கிட்ட இருக்கு" என்றாள், அதிசயமாகத் தமிழிலேயே.

அவளும் அந்தக் குரூப்பில் இருப்பதே எனக்கு மறந்திருந்தது. அவள் தன் போனில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். பாவா மோட்டாருக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டு நிற்கிறார். அதன் தகட்டில் இருக்கிற நம்பரை ஒவ்வொரு எழுத்தாகப் பெருமையாக இங்கிலீஷில் படிக்கிறார். அப்புறம் குழாயில் முதல் தண்ணீர் பீறிட்டு வருகிறது. பாவா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள் நின்று ஆடுகிறார். "தாரா பாப்பா, பாருமா, தண்ணி!" என்று கேமராவைப் பார்த்துக் கத்துகிறார்.

"என் பேர் சொல்றாரு, அதான் சேவ் பண்ணேன். எக்ஸாம் டைம்ல மூட் அவுட்டானா போட்டுப் பாப்பேன்" என்றவள், என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ பாக்கவே இல்லையாம்மா?" என்று கேட்டாள்.

மகள் ஊரை விட்டு விலகிப் போகிறாள் என்று நான் எத்தனை பேரிடம் அலுத்துக்கொண்டிருப்பேன்! அன்றைக்கு அவள் கேட்டதற்கு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

6

கோர்ட்டுக்கு வீடியோவை அனுப்பினால் மட்டும் போதாதாம். அது யாருடைய போனில், எந்தத் தேதியில் வந்தது, யாரும் அதில் கை வைக்கவில்லை என்று போனுக்குச் சொந்தக்காரர் எழுதி, ஓர் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். போனுக்குச் சொந்தக்காரி தாரா. ஹாமில்டன் நூலகத்தில் சனிக்கிழமை காலையில், இப்படிச் சாட்சிக் கையெழுத்துப் போட அரசாங்கம் நியமித்த ஒரு பெரியவர் இலவசமாக வந்து உட்காருவார். வெள்ளைக்காரர், எண்பது வயது இருக்கும், ரொம்பப் பொறுமைசாலி. எங்கள் காகிதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பொறுமைக்குச் சோதனை வந்தது.

"முனிரத்தினம் என்பவர் உனக்கு என்ன உறவு?" என்று தாராவைக் கேட்டார்.

"பெரிய அப்பா," என்று அவள் அப்படியே இங்கிலீஷில் பெயர்த்துச் சொன்னாள். அவர் தாராவின் அப்பா பெயர் எழுதியிருந்த வரியையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் உதவிக்குப் போய், அம்மாவின் அக்காவின் கணவர், ஆனால் அம்மாவுக்கு அத்தையின் மகனும் ஆவார் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'அங்கிள்' என்று மட்டும் எழுதிக்கொள்ளலாமா என்று கெஞ்சலாகக் கேட்டார். சரி என்றோம்.

பிறகு வீடியோவைப் பார்க்க வேண்டும் என்றார். தாரா போட்டுக் காட்டினாள். தண்ணீர் வந்தபோது பெரியவர் சத்தமாகச் சிரித்தார். அவர் இளவயதில் மாட்டுப் பண்ணை வைத்திருந்தாராம். "தண்ணீர் கிடைத்த அன்று நானும் இப்படித்தான் ஆடினேன், யாரும் படம் எடுக்கவில்லை" என்றார். இதில் சொன்னதெல்லாம் உண்மைதானா என்று அவர் முறைப்படி கேட்டதும், தாரா நிமிர்ந்து நின்று ஆமாம் என்றாள். அவ்வளவு அழுத்தமாக அவள் எதற்கும் ஆமாம் சொல்லி நான் கேட்டதில்லை.

7

வாய்தா மேல் வாய்தாவாகத் தள்ளிப் போய்க் கார்த்திகையில் ஒரு நாள் விசாரணை நடந்தது. அன்று மாலை அக்கா போன் பண்ணினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

வீடியோவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நம்பர் சரியாக இருந்தது, தேதி சரியாக இருந்தது. அதில் கம்பெனி வக்கீல் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அட்டையை எடுத்து நீட்டி, இப்படிப் பொய் எழுதியவருக்கு எதற்கு நிவாரணம் என்று கேட்டிருக்கிறார். விசாரித்தவர் ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதட்டாமல், தன்மையாகத்தான் கேட்டாராம்.

"பெரியவரே, மோட்டார் எரிஞ்சப்ப வாரண்டி முடியவே இல்ல. நெஜமான தேதிய போட்டிருந்தா பிரச்சினையே இல்லியே. எதுக்குப் பொய் எழுதினீங்க?"

"நம்மாளு நீ எழுதிக் குடுத்தத சொல்லப் போறாருன்னு பாத்துகினு கீறேன்" என்றாள் அக்கா. "கவனக்குறைவுன்னு ஆரம்பிச்சாருடி. அப்பறம் நின்னுட்டாரு. தண்ணி வேணுமான்னு கேட்டாங்க, வாணாம்னாரு. அப்பறம் கைய கட்டிகினு சொல்றாரு, 'நெஜத்த சொன்னா குடுப்பாங்கன்னு எனக்கு தெரியாதுங்கம்மா. இதுவரிக்கும் நெஜத்த சொல்லி எனக்கு யாரும் எதுவும் குடுத்தது இல்லிங்க'ன்னாரு."

அந்த அம்மா மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் சொன்னதை எழுதிக்கொண்டாராம்.

தை மாதத்தில் உத்தரவு வந்தது. அட்டையில் எழுதினது தப்புதான், ஆனால் மோட்டார் வாரண்டி காலத்துக்குள் பழுதானது நிரூபணமாகிவிட்டது. அதனால் கம்பெனி புது மோட்டார் தர வேண்டும். பயிர் காய்ந்ததற்கு இழப்பீடு கேட்க மனுதாரருக்குத் தகுதியில்லை, தாமதத்துக்கு அவரும் காரணம். நியாயமான தீர்ப்பு. நானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சரியாக எழுதியிருக்க முடியாது.

விசாரணைக்கும் உத்தரவுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மாதமும், பாவா கோர்ட்டில் சொன்ன பதில் என்னை விடவே இல்லை. ஆபீசில் திருத்தின ரசீது ஒன்று வந்தால், முன்பெல்லாம் திருத்தலைப் பார்த்தவுடனே பைலை மூடிவிடுவேன். இப்போது திருத்தாத தேதி என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு போன் போட்டுக் கேட்கிறேன். பாதிப் பேர் பொய்யர்கள்தான், அதில் மாற்றமில்லை. மீதியில் சிலர் பாவா மாதிரி. பத்து வருஷத்தில் அப்படி எத்தனை பேரை மரியாதையாகத் திருப்பி அனுப்பினேன் என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் மட்டும், இப்போதெல்லாம் நான் ஒரு பைலுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார்.

மோட்டார் வந்து இறங்கின ஞாயிற்றுக்கிழமை பாவாவிடம் பேசினேன். தாராவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை ஆட்டம் கிடையாதா என்று அவள் கேட்க, இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று அவர் சொல்ல, சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் ஒரு விஷயம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாவா, கோர்ட்டுல சொன்னீங்களே, அதுதானே நெஜம்? அத மொதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? மூணு வாரம் அதையேதானே மாத்தி மாத்திக் கேட்டேன். கண்ணாடி போடல, மாசம் கொழம்பிப் போச்சின்னு என்னென்னமோ சொன்னீங்களே!"

"நீ அப்போ கம்பெனியா இருந்தியேமா" என்றார் பாவா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கம்பெனிகிட்ட போய் அத எப்படி சொல்றது?"